பிரேக் இல்லாத பக்கம்

வலது காலால் தரையில் ஓங்கி ஒரு மிதி. "பிரேக், பிரேக், பிரேக்! போதும் சார், இப்ப விடுங்க. கண்ணு, கண்ணு! அந்த மஞ்சக் கூம்பப் பாருங்க. ஆங்… அப்படித்தான் ராசா!" ராசா என்று கொஞ்சப்பட்டவர் ஊரில் பெயர்போன பல் டாக்டர். சிவப்புக் காரின் ஸ்டீயரிங்கைக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற பிடியில் பிடித்திருக்கிறார். மிதித்தவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் அம்மாள். அவர் காலடியில் பிரேக் கிடையாது, வெறும் ரப்பர் விரிப்புதான். ஆனாலும் மிதிக்காமல் ஒரு வளைவைக்கூட அவர் தாண்டியதில்லை.

இது ஊருக்கு வெளியே இருக்கும் கார் பந்தயத் தளம். பந்தயம் இல்லாத நாட்களில் இங்கே ஆசைக்கு ஓட்டலாம். கோடிகளில் விலை சொல்லும் கார்களை வாங்க வக்கில்லாமல், ஆனால் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்காவிட்டால் கட்டை வேகாது என்று நினைக்கிறவர்கள் வருவார்கள். தலைக்கவசத்தை மாட்டிவிட்டு, சாவி இல்லாத காரில் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். பக்கத்தில் பயிற்சியாளர் ஒருவர் உட்கார்ந்து வருவார். அப்படி உட்கார்ந்து வருவதுதான் இந்த அம்மாளின் பிழைப்பு. மேலாளர் முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் அவர் பிரேக் அக்கா.

அக்காவின் கால் முன்பு ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்த்த கால். அங்கே காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஸ்கூலை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது, காலுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. "அக்கா காலுக்கு விரிப்பு வாங்கியே கம்பெனி போண்டியாயிடும்" என்று கார் கழுவுகிறவர் புலம்புகிறார். அக்கா அசர மாட்டார். "வாய் சொல்றத கால் செய்யுது. உனக்கு என்னப்பா போச்சு?"

ஆள் குள்ளம். இருக்கையில் இரண்டு மெத்தை போட்டு அதன்மேல் உட்காருவார். காலையில் வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார், பாடகி கெட்டாள்! இன்னொரு வேடிக்கையும் உண்டு. டவுன் பஸ்ஸில் ஏறினால் அக்காவுக்குக் குமட்டும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவார். அதே ஆள் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில், தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாட, கடலை மிட்டாய் மெல்லுவார்.

கார்களுக்கெல்லாம் அவர் உறவுமுறை வைத்திருக்கிறார். சிவப்பு, சின்ன மாமியார். லேசாகத் தொட்டாலும் சீறும். கறுப்பு, பெரியப்பா. கிளம்பச் சோம்பும், கிளம்பிவிட்டால் யார் சொல்லியும் நிற்காது. பச்சை, மாப்பிள்ளை. "மரியாதையாத் திருப்புனா வளையும். வெடுக்குன்னு இழுத்தீங்க, முறுக்கிட்டு பின்பக்கத்தக் காட்டும். எந்த மாப்பிள்ளையத்தான் அதட்டி வழிக்குக் கொண்டுவர முடியும், சொல்லுங்க?"

ஓட்ட வருகிறவர்களையும் ஒரே பார்வையில் எடை போட்டுவிடுவார். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து மாட்டுகிறவர் சினிமா பார்த்துக் கெட்டவர், அவரிடம் முதல் சுற்றிலேயே கத்த வேண்டும். "எனக்கு எல்லாம் தெரியும்னு வர்றவருக்கு டபுள் சத்தம். தெரியாதுன்னு வர்றவரு தானா பொழச்சுக்குவாரு."

நான் தெரியாது என்று வந்த ரகம். மைத்துனர் பரிசாகக் கொடுத்த சீட்டை வீணாக்க மனமில்லாமல் வந்தவன். காரை ரிவர்ஸ் எடுப்பதற்கே எனக்கு வேர்த்துவிடும். முதல் நேர்பாதையில் அக்கா, "மிதிங்க சார்" என்றார். மிதித்தேன். சுவர் விர்ரென்று பின்னால் ஓடியது. இரண்டாம் சுற்றில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் சுற்றில் எதற்கென்றே தெரியாமல், "அக்கா, அக்கா" என்று கூவிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து நேரம் கிடைக்கும்போதெல்லாம் இந்தத் தளத்தின் சுவர் ஓரமாக வந்து நிற்கிறேன். வீட்டில் இதற்குத் தனியாகப் பாட்டு வாங்குகிறேன், அது வேறு கதை.

இத்தனை பேரைப் பறக்கவிட்ட அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை, தானே ஓட்ட வேண்டும். இங்கே 'பறக்கும் சுற்று' என்று ஒன்று இருக்கிறது. அதில் விருந்தாளி சும்மா உட்கார்ந்திருப்பார், தளத்தின் ஓட்டுநர் முழு வேகத்தில் ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார். அந்த வேலையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அக்காவின் ஓட்டத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. குறுக்கே நின்றது மேலாளரின் பழைய விதி. அவர் ஒரு காலத்தில் பந்தய வீரர், இப்போது தொந்தியின் காரணமாகக் கார்கள் அவரை ஏற்றுக்கொள்வதில்லை. "மொத சுத்துல பக்கத்துல வீட்டு ஆளு உக்காரணும். வீட்டு ஆள வெச்சுக்கிட்டு எப்படி ஓட்டுறாங்களோ, அதான் நெஜ ஓட்டு. மத்ததெல்லாம் ஷோ."

அக்கா வீட்டில் அவரையும் சேர்த்து இரண்டே பேர். இன்னொருவர் கணவர். அவர் விபத்தில் நசுங்கிய கார்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதம் மதிப்பிடுகிறவர். பொழுது விடிந்தால் நசுங்கல், பொழுது சாய்ந்தால் நசுங்கல். சாப்பிட உட்கார்ந்தால், "இன்னிக்கு ஒண்ணு வந்துச்சு பாரு, முன்பக்கம் பின்பக்கத்துக்கு வந்துருச்சு" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். பச்சை விளக்கு எரிந்தாலும் ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் கிளம்புவார். மனைவி ஓட்டும் காரில் அவர் ஏறியதே இல்லை. "உன்ன நம்பாம இல்லம்மா. இரும்பத்தான் நம்பல."

இரண்டு முறை தேதி குறித்தும் கடைசி நேரத்தில் அவருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. இந்தச் சனிக்கிழமையும் நடக்கவில்லை என்றால் வேறு தளத்திலிருந்து ஆள் எடுக்கப்போவதாக மேலாளர் சொல்லிவிட்டார். அக்கா அன்று என்னிடம் கடலை மிட்டாயை நீட்டினார், தான் ஒன்றும் எடுக்கவில்லை. "வேலை போனாக்கூடப் பரவால்ல சார். ஊரே என் பேச்ச நம்பி மிதிக்குது. கட்டுன மனுசன் பக்கத்துல உக்கார மாட்டேங்குறாரு. அதான் குத்துது."

சனிக்கிழமை சேத மதிப்பீட்டாளரான அந்தக் கணவர் வந்துவிட்டார். சலவை மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, முகத்தில் ஈயாடவில்லை. அக்கா அவருக்குத் தலைக்கவசத்தை மாட்டி, வாரை இழுத்துக் கட்டி, "ஏறுங்க" என்றார். சொல்லிவிட்டு விறுவிறு என்று நடந்து காரில் ஏறினார், மெத்தைகளின்மேல் உட்கார்ந்தார், பெல்ட்டை மாட்டினார். ஏறிய பக்கம் எது? தினமும் ஏறுகிற அதே பக்கத்து இருக்கை!

மதிப்பீட்டாளர் தமக்கென்று காலியாக இருந்த கதவைத் தேடிக் காரைச் சுற்றிப் போனார். பயத்தில் இருக்கிறவருக்கு எந்தக் கதவானால் என்ன? உட்கார்ந்துவிட்டார். தலைக்கவசத்து மைக் வழியாக, சுவரில் இருக்கும் ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் கணீரென்று கேட்டது. "சார், சீட்ட முன்னால இழுத்துக்குங்க. ரெண்டு கையாலயும் ஸ்டீயரிங்கப் புடிங்க."

"புடிச்சுட்டேன்."

இரண்டு தலைக்கவசங்களும் ஒன்றை ஒன்று பார்த்துத் திரும்பின. பிறகு, "ஐயையோ!" என்று ஒரு குரல். அது யாருடையது என்று சொல்ல முடியவில்லை, இரண்டு பேருடையதாகவும் இருக்கலாம். மேலாளர் சிரித்த சிரிப்பில் டயர் அடுக்கின்மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

மதிப்பீட்டாளருக்கு உயிர் வந்தது. "இதுவே நல்லா இருக்கே! நான் மெதுவா ஒரு சுத்து ஓட்டிட்டு வந்துர்றேன். இதையே கணக்குல வெச்சுக்குங்களேன்."

"கணக்குல வராது" என்றார் மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா ஏறுனது ஏறியாச்சு, போயிட்டு வாங்க. நான் இன்னும் சிரிச்சு முடிக்கல."

சின்ன மாமியார் நகர்ந்தது. நாற்பது கிலோமீட்டர் வேகம். சுற்றும் பாதையில் நடந்துகொண்டிருந்த காக்கை ஒன்று பறக்கக்கூட இல்லை, ஒதுங்கி வழிவிட்டது. "சார், கண்ணு தூரத்துல இருக்கட்டும்."

"நான் சார் இல்ல. உன் புருஷன்."

"ஹெல்மெட் போட்டா எல்லாரும் சார்தான். இப்ப நேர் ரோடு. மிதிங்க."

"எவ்ளோ?"

"மனசு வர்ற வரைக்கும்."

மனசு எங்கிருந்து வந்ததோ, மிதித்துவிட்டார். இன்ஜின் போட்ட கூச்சலில் என் பக்கத்துச் சுவர் அதிர்ந்தது. ஒலிபெருக்கியில் "ஏ… ஏ… ஏஏ…" என்று ஒரு நீளமான சத்தம் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று விளங்குவதற்குள் அக்காவின் "பிரேக், பிரேக், பிரேக்!" வந்துவிட்டது. கூடவே மடாரென்று ஒரு மிதி. கார் தலையைக் குனிந்து வேகம் குறைந்து, பதவிசாக வளைவில் திரும்பியது.

"என்ன சத்தம் அது? உன் பக்கமும் பிரேக் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு மிதிச்ச?"

"ஓட்டுறவங்க நல்லபடியா நிக்கணுமேன்னுதான்."

"பிரேக்கே இல்லாத பக்கத்துலயா உக்காந்து வர்ற? தெனமுமா? யாரு எவருன்னே தெரியாதவன் ஓட்ட, நீ தரைய மிதிச்சுக்கிட்டு?"

"ஆமா. அதுக்கென்ன?"

அதற்குப் பிறகு மதிப்பீட்டாளர் வேகத்தைக் கூட்டாமல் உருட்டிக்கொண்டே அந்தச் சுற்றை முடித்தார். நான் ஓட்டிய அன்றைக்கு என் பக்கத்திலும் அக்கா இப்படித்தானே உட்கார்ந்திருந்தார்! என்னை மாதிரி ஒரு தறுதலையை நம்பி!

கார் வந்து நின்றதும் மதிப்பீட்டாளர் இறங்கினார், சுற்றிக்கொண்டு வந்தார், மனைவி பக்கத்துக் கதவைத் திறந்தார். "எறங்கு. அந்தப் பக்கம் போ."

"ஏங்க, பயமா இருக்குன்னா வேணாம். நான் ஒண்ணும்…"

"நசுங்குன வண்டி எத்தன பாத்திருப்பேன். ரெண்டு சீட்டுல எதுல உக்காந்தா ஆபத்துன்னு எனக்கா தெரியாது? எவன் கையிலயோ உசுர குடுத்துட்டு இத்தன நாளா இங்க உக்காந்திருக்க. எந்திரி மொதல்ல. ஸ்டீயரிங் உன் கையில இருந்தாத்தான் நான் வீட்டுல நிம்மதியாச் சாப்பிட முடியும்." சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தில் பயம் இருந்த இடம் தெரியவில்லை. அக்கா எழுந்தார். மெத்தைகளையும் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார், ஓட்டம் என்றால் சிறுமி ஓட்டம்.

பிறகு நடந்ததை எழுத எனக்கு இரண்டு கை போதாது. சிவப்பாக ஏதோ ஒன்று கண்முன் கிழித்துக்கொண்டு போனது. முதல் வளைவுக்கு வழக்கமாக எல்லோரும் பிரேக் மிதிக்கிற இடத்தைத் தாண்டி, இன்னும் தாண்டி, மேலாளரே "ஏய்" என்று எழுந்து நிற்கும்வரை தாண்டி, அப்புறம்தான் மிதித்தார். கோடு போட்ட மாதிரி திரும்பியது கார். நாளெல்லாம் கத்துகிற அக்கா அந்தச் சுற்றில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்செல்லாம் பக்கத்து இருக்கையிலிருந்துதான். "அம்மா… அடியேய்… சுவரு, சுவரு! போச்சு… போகலையா? எப்படிடீ! மெதுவா… மெதுவா… இல்ல இல்ல, மெதுவாப் போகாத!" நேர்பாதையில் எங்களைத் தாண்டியபோது எழும்பிய காற்றில் டீ டம்ளர் கவிழ்ந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. கார் கழுவுகிறவர், டீ கொண்டுவருகிறவர், நான், மூவரும் கைகோத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தோம். எப்போது கை கோத்தோம் என்று இதுவரை தெரியவில்லை.

சின்ன மாமியார் உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு வந்து நின்றது. மேலாளர் தொந்தி குலுங்க ஓடிப்போய் ஜன்னலில் குனிந்தார். "திங்கக்கெழமையிலேருந்து நீ இந்த சீட்டுக்கு வர்ற. விரிப்பு செலவும் மிச்சம்." அக்கா ஸ்டீயரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

மேலாளர் சுற்றிவந்து மதிப்பீட்டாளர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். "வாங்க சார், டெஸ்ட் முடிஞ்சுது, எறங்கலாம்" என்று கையை நீட்டினார். சலவைச் சட்டை கசங்கி, தலைக்கவசம் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் அந்தக் கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு எட்டிக் கதவின் பிடியைப் பற்றி, உள்ளிருந்தபடியே இழுத்துப் படாரென்று சாத்திக்கொண்டார்.