கொடிசம்பங்கிப் பொரியல்

சங்கராபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படியை ஒட்டி ஒரு கொடிசம்பங்கி படர்ந்திருக்கிறது. மஞ்சளும் பச்சையுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். சாயங்காலமானால் வாசனை தெருமுனை வரை போகும். பூ முழுக்க மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவின் பிள்ளையாருக்கு. அவ்வளவு பூவுக்கடியில் மூச்சுத் திணறிய கடவுளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் கொழுந்தன் வியட்நாமில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறான். லீவில் வந்தவன் கொடியைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணி, அங்க இத துன்றாங்க."

"பூவையா?"

"பூவு, கொழுந்து எல்லாந்தான். பூண்டு போட்டு வதக்கி முட்டைய ஒடச்சி ஊத்துனா, சோறே வேணாம்."

வீட்டுக்கார அம்மா திருக்கோவிலூர் கோயிலுக்குப் போயிருந்தார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் சொல்லிக்கொண்டே கூடையையும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

மத்தியானம் பொரியல் தயார். என் வீட்டுக்காரர், "செத்துர மாட்டோமே?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். எனக்கும் பிடித்திருந்தது. கீரை மாதிரிதான், ஆனால் கடைசியில் லேசாக ஒரு இனிப்பு.

அப்போது வெளியே வீட்டுக்கார அம்மாவின் சத்தம்.

"என் கொடிய எவ மொட்டையடிச்சது? ஆடு கீடு ஏறிச்சா?"

கொழுந்தன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். "ஆடு இல்லம்மா, நான்தான்."

வேறு வீடு பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவனோ உள்ளே வந்து, ஒரு தட்டில் பொரியலை வைத்து எடுத்துப்போய் நீட்டினான். திட்டுவதற்குத் திறந்த வாய் பூண்டு வாசனையில் அப்படியே நின்றது.

"முட்ட போட்டிருக்கியா?"

"ஆமாங்க."

"சாமி கும்புடப் போறதுக்கு முன்னாலதான் துன்னக் கூடாது. நான்தான் போய்ட்டு வந்துட்டனே."

நெற்றியில் குங்குமத்தோடு கீழ்ப்படியில் உட்கார்ந்து தட்டைக் காலி செய்தார். "உப்பு கம்மி" என்றார்.

கொழுந்தன் வியட்நாமுக்குத் திரும்பிவிட்டான். வீட்டுக்கார அம்மா இப்போது என் போனை வாங்கி அவனுக்கு வீடியோ கால் போடுகிறார். கண்ணில் படும் செடியையெல்லாம் காட்டி, "தம்பி, இத துன்னலாமா?" என்கிறார். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரியின் அரளியைக் காட்டினார்.

"ஐயோ, அது விஷம்மா!" என்று அவன் அங்கிருந்து அலறினான்.

"அவ வூட்ல எதுதான் உருப்படியா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார்.