நானூறு பக்கமும் ஒரே குரல்

கண் நரம்பு பழுதாகிப் பார்வை போனபோது குன்னம் வீரமணிக்கு வயது இருபத்தொன்பது. வெங்காயக் காட்டு வேலை அத்தோடு நின்றது. திருச்சியில் ஆறு மாதம் தங்கி, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளோடு கணினி பழகினான். அரசு வேலைத் தேர்வை இரண்டு முறை எழுதித் தோற்றான். மூன்றாவது தேர்வுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, கூடப் படிக்கும் லப்பைக்குடிகாடு சாகிரா நானூறு பக்கக் குறிப்பு ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பினாள்.

எல்லாப் பாடமும் அதில் இருந்தது. எது எங்கே என்றுதான் தெரியவில்லை. குரல் முதல் வரியிலிருந்து வாசித்துக்கொண்டே போனது. ஒரு சொல்லைத் தேடினால் நூற்றெழுபது இடங்களில் வந்து நின்றது. இரண்டு நாள் இப்படியே போயிற்று.

மூன்றாம் நாள் பஸ் ஏறி, பெரம்பலூரில் டைப்பிங் கடை வைத்திருக்கும் சிங்காரவேலுவிடம் போனான்.

“தலைப்பெல்லாம் கொட்டை எழுத்துல பளிச்சுனு இருக்கே தம்பி, இன்னும் என்ன?”

“அது கண்ணுக்குத்தாங்க பெருசாத் தெரியும். எனக்கு எல்லாம் ஒரே குரல்லதான் வருது. இது தலைப்புன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லி வெச்சாத்தான், ஒரு பட்டனைத் தட்டித் தட்டி அடுத்தடுத்த தலைப்புக்குத் தாவ முடியும்.”

“நானூறு பக்கத்துக்குமா? கல்யாணப் பத்திரிகை வேலை தலைக்கு மேல கெடக்கு. பத்து நாள் கழிச்சு வாங்க.”

பத்து நாள் கழித்துத் தேர்வே முடிந்திருக்கும். வீட்டுக்கு வந்து சுவரோரம் சுருண்டு படுத்துவிட்டான். வெங்காயக் காட்டிலிருந்து திரும்பிய மனைவி முத்தாயி விஷயத்தைக் கேட்டாள்.

“பெரிய எழுத்து எங்க இருக்குன்னு சொன்னா போதுமா? நான் அஞ்சாவது படிச்சிருக்கேன்ல.”

அன்று சாயங்காலமே இருவரும் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். அவள் எழுத்துக் கூட்டிச் சொல்ல, அவன் அந்த வரியைப் பிடித்துத் தலைப்பாக்கினான். ஓரிடத்தில் அவள் இரண்டு தலைப்பை விட்டுவிட்டாள் என்று தெரிந்ததும் கத்தினான்.

“கத்தாதீங்க. எனக்கும் கண்ணு எரியுது.”

விட்டுப்போன இரண்டையும் அவன் தேடிப் பிடித்துத் தலைப்பாக்கினான்.

நாலு நாளில் நூற்று முப்பத்தாறு தலைப்புகள். பட்டனைத் தட்டினான். ‘அடிப்படை உரிமைகள்.’ மறுபடி தட்டினான். ‘அடிப்படைக் கடமைகள்.’ முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். படிக்க ஐந்து நாள்தான் மிச்சம் இருந்தது.

அரியலூரில் தேர்வு. அவன் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். கேள்விகளில் பாதிக்குமேல் எந்தத் தலைப்பில் வருகிறது என்று அவனுக்கு உடனே தெரிந்தது. தலைப்புக்குக் கீழே இருந்ததைப் படிக்கத்தான் நேரம் கிடைத்திருக்கவில்லை.

முடிவு வந்த அன்று சாகிரா போன் செய்தாள். “உங்க நம்பர் இல்லண்ணே. ரெண்டு தடவ பாத்துட்டேன்.” பிறகு, “விக்கிரமங்கலத்துல பார்வையில்லாத பொண்ணு ஒண்ணு, நீங்க தலைப்பு போட்டு எனக்கு அனுப்புன பைலைக் கேக்குது. அனுப்பட்டுமா?” என்றாள்.

“அனுப்பும்மா,” என்றான்.