பதினொரு நாள் மழை

திருவொற்றியூரில் நான் குடியிருந்த வீட்டின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நான்கு வெள்ளைச் சாசர்கள் இருந்தன. வண்ணாரப்பேட்டையில் வாங்கிய, டீக்கடைகளில் புழங்கும் சாதாரணச் சாசர்கள். காற்றில் புரளாமல் இருக்க ஒவ்வொன்றையும் சுற்றி மூன்று செங்கல் துண்டுகள். காலை ஏழு மணிக்கு மாடி வீட்டுப் பெண் அவற்றைத் துடைத்து வைப்பாள். மாலை ஆறு மணிக்கு, பகல் முழுவதும் விழுந்த தூசியை மெல்லிய தூரிகையால் கூட்டி எடுத்து, தேதி எழுதிய காகிதத்தில் மருந்துப் பொட்டலம் போல மடிப்பாள். ஐந்து மாதங்கள் இது நடந்தது. அந்தச் சாசர்களைப் பற்றி இதுவரை நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

அப்போது நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியன். மாலையில்தான் வேலை என்பதால் பகலில் வீட்டின் கீழ்ப்பகுதியில் இருப்பேன். பெரிய செய்திகள் மூத்தவர்களிடம் போகும். வானிலைப் பெட்டி என்னிடம் வரும். நேற்றைய அதிகபட்ச வெப்பம், குறைந்தபட்ச வெப்பம், மழை. யாரும் நின்று படிக்காத அந்த மூன்று வரிகளைத் தவறில்லாமல் போடுவதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது.

அவள் எரிபொருள், எரிப்புப் பொறியியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா இரண்டு தெரு தள்ளிக் கடல் பக்கம் இருந்த ஒரு சோப்புத் தொழிற்சாலையில் பாய்லரைக் கவனிப்பவர். தெருவே அவரை பாய்லர் அண்ணன் என்றுதான் கூப்பிடும். பள்ளி நாட்களில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, உலையின் சிறு கண்ணாடித் துளை வழியே அவர் காட்டிய நெருப்புதான் தன்னை இந்தப் படிப்பில் கொண்டுவந்து விட்டது என்று ஒருமுறை சொன்னாள். தெருவுக்கு அந்தப் படிப்பு வேடிக்கையாக இருந்தது. காசிமேட்டிலிருந்து கூடையோடு வரும் மீன்கார அம்மா அவளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "இன்னாம்மே, கேஸ் அடுப்பு பத்த வெக்கறதுக்கா ரெண்டு வருசம் பட்ச்சிகினு கீறே?" அவள் மீனைப் புரட்டிப் பார்த்தபடி சொல்வாள்: "பத்த வெக்க இல்லக்கா. பத்த வச்சது ஒழுங்கா எரிஞ்சுதான்னு பாக்க."

ஆய்வும் அதுதான். எங்கள் தெருவில் எது கறுத்தாலும் வடக்கே அடிவானத்தில் நிற்கும் அனல்மின் நிலையத்துப் பெரிய புகைபோக்கிகளைக் கை காட்டுவது வழக்கம். அங்கிருந்து வரும் சாம்பலில் எரியாத நிலக்கரி எவ்வளவு மிச்சம் என்று கண்டறிவது அவளுடைய வேலை. முறை எளிமையானது. பொட்டலத்துத் தூசியை எடைபோட்டு, சின்னப் பீங்கான் கிண்ணத்தில் இட்டு, ஆய்வகத்தின் மின்சார உலையில் சுட்டு, ஆறியபின் மறுபடி எடைபோட வேண்டும். குறைந்த எடைதான் விடை. "முழுசா எரிஞ்சது மறுபடி எரியாதுண்ணா. எரியாம வுட்டதுதான் எரியும்" என்று எனக்கு விளக்கினாள். ஒவ்வொரு நாளும் கிண்ணத்தில் சாம்பல் ஏறக்குறைய அப்படியே இருந்தது. பெரிய புகைபோக்கிகள் நன்றாகவே எரித்துக்கொண்டிருந்தன.

இங்கே அந்த வீட்டின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு மாடியில் அவளுடைய அம்மாவின் போன் இரண்டு முறை அடித்து நின்றுவிடும். யாரும் எடுக்க மாட்டார்கள். அது அவளுடைய அப்பா கொடுக்கும் ரிங். துணியை எடு என்று அர்த்தம். அம்மா மாடியேறிக் கொடியிலிருந்து துணிகளை உருவுவார். அவர் உருவுவதைப் பார்த்து அக்கம்பக்கத்து மாடிகளிலும் பெண்கள் உருவுவார்கள். "பாய்லர் வூட்ல எட்த்துட்டாங்கடி" என்று ஒரு குரல் கேட்கும். ஒரு மணி நேரம் கழித்துத் துணிகள் மறுபடி கொடிக்குப் போகும். நான் குடிவந்த நாள் முதல் அப்படித்தான். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவளும் அந்த ரிங்கைக் கேட்டே வளர்ந்தவள் என்பதால் அது காதில் விழாத அளவுக்குப் பழகியிருந்தது.

மார்ச் மாதத்தில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் கூடியது. பல வருட இழுப்பு. முந்தானையில் முடிந்த மருந்துப் பம்பு இல்லாமல் அவர் படியேறியதை நான் பார்த்ததில்லை. அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பதினொரு நாள் அங்கே இருந்தார். அந்த நாட்களில் போன் அடிக்கவில்லை. துணி எடுக்க ஆளில்லை என்று அப்பாவுக்குத் தெரியும். அவள் மட்டும் காலையும் மாலையும் ஓடிவந்து சாசர்களைப் பார்த்துவிட்டு ஓடினாள். அம்மா வீடு திரும்பிய பிறகு அந்தப் பதினொரு பொட்டலங்களையும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாள். தூசி கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது. சுட்டு எடுத்தபோது கிண்ணங்கள் ஏறக்குறையக் காலியாக இருந்தன. தராசு கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு தராசில் போட்டாள். காலிதான்.

அதற்கு மறுநாளோ என்னவோ, அவள் பிற்பகலில் வீட்டில் இருந்தாள். நான் மாடியில் வேட்டி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் இரண்டு முறை அடித்து நின்றது. அம்மா இளைத்தபடி மேலே வந்து துணிகளைத் தோளில் போட்டார். பிறகு கைப்பிடிச் சுவரிடம் போய் நான்கு சாசர்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கையில் எடுத்தார்.

"ம்மா, அத இன்னாத்துக்கு எடுக்கறே?" என்று அவள் கத்தினாள்.

"தெனம் எட்த்து வச்சிட்டு அப்பாலிக்கா வைக்கறேன்டி. நைனா ரிங் குட்த்தாருல்ல? கருப்பாச்சுன்னா நீதான ஒக்காந்து தேய்க்கணும்?"

மகளின் பீங்கான் அழுக்காகிவிடக் கூடாது என்ற அக்கறை. அதனால்தான் மற்ற நாட்களில் எல்லாம் சாம்பல் மட்டுமே கிடைத்தது. அவள் கிழக்கே திரும்பி நின்றாள். சோப்புத் தொழிற்சாலையின் குட்டையான புகைபோக்கியிலிருந்து கம்பளி போலத் திரண்ட கறுப்பு எழுந்து, கடற்காற்றில் சாய்ந்து எங்கள் பக்கம் வந்தது. அம்மா இருமத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கேட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"நைனா, மூணு மணிக்கு எதுக்கு ரிங் குடுக்கறே?"

"துணி கருப்பாவும்மா. அதுக்குத்தான்."

"துணி மட்டுந்தானா?"

"தெரியும்மா. தெரிஞ்சிதான ரிங் குடுக்கறேன்" என்றார் அவர். "ஷிஃப்ட் மாறறதுக்குள்ள நீராவிய தெறந்து வுட்டு குழாயில கீற கரிய ஊதித் தள்ளணும். தள்ளலன்னா பாய்லர் நிக்கும். நின்னா என்ன இன்னாத்துக்கு வச்சிகினு இருப்பான்? அவன் வாங்கறது கலீஜ் ஆயிலு. பர்னரு நான் வேலைக்குச் சேந்தப்போ போட்டது."

அவருக்கு ஓய்வுக்கு மூன்று ஆண்டுகள் இருந்தன. வீட்டில் வேறு வருமானம் கிடையாது. அவள் முதலில் தேர்ந்தெடுத்த வழி ஒரு பொறியாளரின் வழி. ஆய்வகத்தில் புகையை அளக்கும் கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அப்பாவோடு தொழிற்சாலைக்குப் போனாள். எண்ணெயைச் சூடாக்கும் பகுதி பழுது, பர்னரின் வாய் தேய்ந்து போயிருக்கிறது, இரண்டையும் மாற்றினால் கரி பெருமளவு குறையும் என்று ஒரே பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொடுத்தாள். அவர் அதை மடித்து அப்பாவின் சட்டைப் பையிலேயே வைத்தாராம். "பாய்லர் அண்ணே, உம் பொண்ணுக்கு மார்க்கு வேணும்னா வேற கம்பெனில போய் மெஷின வெக்கச் சொல்லு. இன்னொரு வாட்டி இங்க பாத்தேன், உனக்கும் சேத்து கேட்ட சாத்திடுவேன்."

அப்பா அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து காலண்டருக்குப் பின்னால் செருகிவைத்தார்.

அந்தப் பதினொரு நாட்களையும் ஆய்வேட்டில் சேர்த்தால், அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். பதில் வந்தால் அப்பாவின் வேலை போகும். சேர்க்காவிட்டால், எங்கள் தெருவில் விழும் தூசியில் எரியாத கரி மிகக் குறைவு என்று அச்சில் வரும். கீழே என் அறையில் உட்கார்ந்து, நான் பிழை திருத்தித் தருவதற்காக, அவள் பட்டியலைத் தட்டச்சு செய்தாள். மார்ச் மாதத்தில் பதினொரு தேதிகளுக்கு நேரே ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது. நான் அதைத் திருத்தவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு என்னை அழைத்திருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், மெலிந்த, நிதானமான மனிதர், பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். "இந்த நாட்களில் ஏன் மாதிரி எடுக்கவில்லை?"

"மழை சார்" என்றாள்.

அவர் தலையசைத்துப் பக்கத்தைப் புரட்டினார். அந்தப் பதினொரு நாட்களுக்கும் வானிலைப் பெட்டியைப் போட்டவன் நான். மழை இல்லை, மழை இல்லை, மழை இல்லை. அறையில் அதைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். அவள் என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் கைதட்டியபோது நானும் தட்டினேன். ஒரு நிருபரிடம் அந்தப் புகைபோக்கியைக் காட்டியிருக்கலாம். பாய்லர் அண்ணன் தினமும் காலையில் என்னைப் பார்த்து "இன்னா சார், பேப்பர்ல இன்னா சேதி?" என்று கேட்பார். அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

இரண்டு ஆண்டுகளில் அம்மா இறந்துபோனார். கரியால்தான் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. நானும் அப்படி எழுத மாட்டேன். காரியம் முடிந்து அப்பா வேலைக்குப் போன முதல் நாள், மூன்று மணிக்கு மாடியில் அம்மாவின் போன் இரண்டு முறை அடித்து நின்றது. கீழே எனக்குக் கேட்டது. கை பழக்கத்தில் அழுத்தியிருக்க வேண்டும். கொடியில் துணிகள் அப்படியே கிடந்தன.

பிறகு நான் மாத்தூருக்குக் குடிபெயர்ந்தேன்; வானிலைப் பெட்டி மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது. சென்ற மாதம் ஒரு பிற்பகலில் அந்தப் பழைய வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் இப்போது பாய்லர்களைச் சோதித்துச் சரிசெய்து தரும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறாள். ஊர் ஊராகப் போய் மற்றவர்களுடைய கரியைக் குறைக்கிறாள். சோப்புத் தொழிற்சாலை அவர்களைக் கூப்பிட்டதில்லை. அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைப்பிடிச் சுவரில் ஒரே ஒரு சாசர் இருந்தது.

"மறுபடியுமா?" என்று அவளிடம் கேட்டேன்.

"நைனா வேலய வுட்ட அன்னிலேர்ந்து. தேதி போட்டு வச்சிகினு கீறேன். இந்த வாட்டி எல்லா நாளும் கீது."

"யாருக்கு?"

"தெர்லண்ணா." சாசரை ஒட்டியிருந்த செங்கல் துண்டைச் சரியாக நகர்த்திவிட்டு, "நீ என்னிக்காவது எழுதினா அந்த மழயையும் எழுது. என் டிகிரி போனா போவுது" என்றாள்.

பெயரை எழுதவில்லை. மழையை எழுதிவிட்டேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அப்பா தலையை உயர்த்தினார். புதிதாக வந்த பாய்லர்காரர் யாருக்கும் ரிங் கொடுப்பதில்லை. இவருக்கு இரண்டு தெரு தள்ளி நீராவி திறக்கும் சத்தமே போதும். எழுந்து துணிகளை ஒவ்வொன்றாக உருவினார். பக்கத்து மாடியில் ஒரு பெண் அவரைப் பார்த்துவிட்டுத் தானும் உருவத் தொடங்கினாள். சாசரின் அருகே வந்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினார். முதல் துகள்கள் வந்து வெள்ளைப் பீங்கானில் உட்கார்ந்தன. வானம் வெளுத்துக் கிடந்தது. மறுநாள் பேப்பரில் மழை இல்லை என்று போட்டேன்.