சித்தப்பாவுக்கு வந்த சர்க்கரை

எட்டு வயதில் எனக்கு வேவு பார்க்கும் வேலை கிடைத்தது. கூலி, தினமும் ஒரு கடலை மிட்டாய். வேவு பார்க்க வேண்டிய ஆள் என் சித்தப்பா. டீக்கடையில் அவர் என்ன தின்கிறார் என்று பார்த்து வந்து அப்பாவிடம் சொல்ல வேண்டும். எதற்கு என்று கேட்டேன். சொன்னதைச் செய் என்றார் அப்பா. எங்கள் வீட்டில் எல்லாக் கேள்விக்கும் அவரிடம் இருந்த பதில் அதுதான். அதையும் கோபித்துக்கொள்ள முடியாதபடி அன்பாகச் சொல்லித் தொலைப்பார்.

சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டினார். கரியாலூர் மலையில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்து சின்னசேலத்தில் இறக்குவார். தாத்தா போன பிறகு அவரை வளர்த்தது அப்பாதான். சித்தப்பாவுக்குச் சட்டை எடுத்தால்கூட நிறம் பார்ப்பது அப்பா. மனுஷர் அதையும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்வார்.

அந்தப் புரட்டாசியில் சித்தப்பாவின் காலில் கல் குத்திய புண் ஆறவே இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் காட்டி, ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் அவர் லோடு ஏற்றப் போய்விட்டதால், முடிவு வாங்கப் போனது அப்பா மட்டும். டாக்டரும் அப்பாவும் பேசி, ஆளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டார்கள். மாத்திரைக்குச் 'சத்து மாத்திரை' என்று பெயர் வைத்தார்கள். டீ கசந்தது. மலையிலிருந்து அவர் ஆசையாகக் கொண்டுவந்த தேன், எறும்பு மொய்த்துவிட்டது என்று சொல்லிக் காணாமல் போனது.

"இன்னா அண்ணி, என் மேல எதுனா கோவமா?" என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டார் சித்தப்பா. அம்மா அடுப்பங்கரைக்குப் போய் மூக்கைச் சிந்தினாள். எனக்கு ஐயோ பாவம் என்றிருந்தது.

அன்று சாயங்காலம், "அவனுக்குச் சக்கர வந்தது அவனுக்குத் தெரியவே கூடாது" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கரும்பு போடுகிற வீட்டுப் பிள்ளைக்குச் சர்க்கரை வந்தது என்றால் ஒரே அர்த்தம்தான். தீபாவளிக்கு ஆலையில் கரும்புக்காரர்களுக்குச் சலுகை விலையில் சர்க்கரை போடுவார்கள். சித்தப்பா பேரிலும் கொஞ்சம் கரும்பு இருந்தது. அவருக்கு வந்த சர்க்கரையை அமுக்கிக்கொண்டு, அவர் டீயிலேயே கை வைக்கிறார்களே, என்ன ஜனங்கள் இவர்கள்! எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விடிந்ததும் வண்டியடியில் போய் நின்றேன்.

"சித்தப்பா, உனக்குச் சக்கர வந்துருக்கு. உன்கிட்ட சொல்லாம மறச்சிக்கினு இருக்காங்க."

இந்த வருஷம் சீக்கிரமே போட்டுவிட்டார்களா என்று அவரும் ஆச்சரியப்பட்டார். ஒரு சாக்கை உதறி எடுத்துக்கொண்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு, ஆலை இருக்கிற மூங்கில்துறைப்பட்டுக்கு வண்டியை விட்டார். ஆலையில் இன்னும் வரவில்லை என்றார்கள். அப்படியானால் அண்ணன்தான் ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டே திரும்பினார். வாசலில் காலிச் சாக்கோடு நின்று சிரித்தார்.

"ஏண்ணா, எனக்கு வந்த சக்கரைய எங்க மறச்சி வச்சிக்கினு இருக்க?"

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது.

"யார்ரா சொன்னது? ஒன்னும் இல்லடா. மாத்திரையிலயே அடங்கிடும்னு டாக்டரு சொல்லிட்டாரு. பயப்படாத."

சித்தப்பாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. சாக்கைக் கீழே போட்டார். "என் உடம்புல இருக்கறது எல்லாருக்கும் தெரியுது, எனக்குத் தெரியக்கூடாதா? நான் இன்னா சின்னப் புள்ளையாண்ணா?"

சின்னப் பிள்ளை என்றால் மட்டும் மறைக்கலாமா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என் ரோஷத்தைக் கவனிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. தாத்தாவிடம் சொன்னோமே, என்ன ஆச்சு என்று அப்பா கேட்டார். அவருக்கும் இதே வியாதிதான். சொன்ன நாளிலிருந்து பயத்தில் சரியாகச் சாப்பிடாமல், அந்த வருஷத்திலேயே போய்விட்டார். சித்தப்பா வண்டியை எடுத்தார். நேராகக் கள்ளக்குறிச்சிக்குப் போய், டாக்டர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார். எதை எவ்வளவு தின்பது என்பதை இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். என் வேலையும் அன்றோடு போயிற்று. இன்றைக்கும் மனுஷர் நடையும் மாத்திரையுமாக ஜோராக இருக்கிறார். சட்டையும் அவரே எடுக்கிறார். கண்றாவியான நிறங்கள்.

விஷயம் உடைந்த அன்று ராத்திரி அப்பா சாப்பிட வரவில்லை. சித்தப்பாதான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். "எனக்கு ஒன்னும் ஆகாதுண்ணா, நீ பயப்படாத, சாப்பிடு" என்று சித்தப்பா அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வியாதி வந்தவர் தைரியம் சொல்கிறார், வராதவர் அழுகிறார்; இதென்ன கூத்து என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா பயந்துவிடுவார் என்றுதானே அத்தனையும் மறைத்தார்கள்? எங்கள் வீட்டில் பயந்துபோயிருந்த ஆள் யார் என்பது எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.