அஞ்சலையம்மாளின் பாலை உலக்கை

விழுப்புரம் ஜங்ஷனில் மில்லுக்கான உதிரி பாகங்களை வாங்கிக்கொண்டு திண்டிவனம் ரயிலுக்காகக் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் தாமதம். ஸ்டேஷன் மாஸ்டரிடம் சண்டை பிடிக்கப் போன என்னை, திண்டிவனத்திலிருந்து வந்து இறங்கிய எங்கள் மில் வண்டிக்காரர் கோவிந்தன் வழியில் மறித்தார்.

"விறகுக்கார அஞ்சலம்மா பூட்டாங்கய்யா. முந்தாநேத்து. தூக்கத்துலயே."

அஞ்சலையம்மாள் தூங்கினார் என்பதையே என்னால் நம்ப முடியவில்லை. அவர் நின்று பார்த்ததே அபூர்வம். துக்கம் வர வேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்தது. அவரைத் தெரிந்தவர்கள் என்னை மன்னிப்பார்கள்.

படிப்பு முடித்த கையோடு அரிசி மில்லில் சேர்ந்தவன் நான். எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம். பாய்லருக்கு அவர் கொண்டுவந்த விறகில் பாதியை, கனக்கிறது, ஈரம் என்று தள்ளினேன். அவர் ஒரு கட்டையை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். கல்லைப்போல மூழ்கியது.

"பார்த்தீங்களா, ஈரம்" என்றேன்.

"ஈரம் இல்லீங்க இஞ்சினீரய்யா, திமிரு. இது உலக்கைப் பாலை. எங் கோடாலியவே ரெண்டு தபா கடிச்சிட்டுது."

அதே கட்டையை நாலு நாள் பாய்லர் பக்கத்தில் காயவைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் மூழ்கியது. இதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னவர் கோவிந்தன்.

மில்லின் பெரிய சக்கரம் இரும்பு. பற்கள் மட்டும் மரம். எங்காவது சிக்கினால் பல் உடையும், சக்கரம் பிழைக்கும். அந்தப் பற்கள் சீமையிலிருந்து வருபவை. ஓக் மரத்தில் வருஷம் முழுதும் இலை உதிர்க்காத ஒரு ஜாதி உண்டு. அதன் வைரத்தில் செதுக்கியவை. யுத்தம் வந்தது, கப்பல் நின்றது. அறுவடை சமயத்தில் பாதிப் பற்கள் உடைந்தன. தேக்கில் செய்து மாட்டினேன், இரண்டு நாள் தாங்கியது. வேம்பு ஒரே நாள்.

"காணையிலருந்து வந்த நெல்லு வாசல்ல கெடக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள மில்லு ஓடலைன்னா நீ ஊருக்கு ரயில் ஏறிடு" என்றார் முதலாளி.

மூழ்கிய கட்டை அப்போதுதான் ஞாபகம் வந்தது. கிளியனூர் சாலையில் இருந்த அஞ்சலையம்மாள் குடிசைக்கு ஓடினேன். பாலையும் கோடையில் இலை உதிர்க்காத மரம்தான். ஆனால் பச்சை மரம் உதவாது, காயும்போது சுருங்கிவிடும். பல வருஷம் காய்ந்தது வேண்டும், அதுவும் இன்றைக்கே.

அவர் உள்ளே போய்த் தன் உலக்கையை எடுத்து வந்தார். "எங்க மாமியா காலத்துது. இதுக்கு மேல காய முடியாது."

ஓர் உலக்கையில் ஏழு பல் வரும். எனக்கு வேண்டியவை அறுபத்து மூன்று. நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவர் தெருவையே கூப்பிட்டுவிட்டார். ஒன்பது உலக்கைகள் சுவரில் சாய்ந்து நின்றன.

எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"உலக்கைய குடுத்துட்டு எங்க கேப்பைய எதால இடிக்கிறது, வாயாலயா? உங்க மாவு மெஷின்ல மொதல்ல எங்க கேப்பைதான் அரைக்கணும். கூலி கெடையாது. எங்க உலக்கைப் பல்லுல அந்தச் சக்கரம் ஓடுற வரைக்கும்."

அதுவரை அந்தத் தெருவினர் மில்லுக்கு வந்தால், எல்லோரும் போன பிறகுதான் அவர்கள் சாக்கு உள்ளே வரும். அவர் கேட்டது எதை என்று எனக்குப் புரிந்தது. முதலாளியைக் கேட்காமலே சரி என்றேன்.

அவசரத்தில் பற்களைச் சம்மட்டியால் இறுக்கி அடித்தேன். ஓக் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். இதுவும் கொடுக்கும் என்று நினைத்தேன். வாசலில் நின்றிருந்த அஞ்சலையம்மாள் கத்தினார்: "நிறுத்துங்க! ஆப்பு அடிக்கிற சத்தம் கேக்குது. மரம் அமுங்காது, இரும்புதான் வாயப் பொளக்கும்!"

குனிந்து பார்த்தேன். சக்கர விளிம்பில் மயிரிழை விரிசல். விரிசலுக்குப் பட்டை போட்டேன். ஒவ்வொரு பல்லையும் கழற்றி இழைத்தேன். வெள்ளிக்கிழமை காலை சக்கரம் சுற்றியது. ஒன்பது பெண்களும் உள்ளே வந்து நின்று பார்த்தார்கள். "அதோ எம் பல்லு!" "அடிப் போடி, அது என்னுது!" சக்கரத்துக்கு மஞ்சள் பூச வந்தவர்களை நான் விரட்ட, அஞ்சலையம்மாள் என் நெற்றியில் பூசிவிட்டுப் போனார். முதலாளி முதலில் வந்த கேப்பைச் சாக்கைப் பார்த்தார், ஓடும் சக்கரத்தைப் பார்த்தார், அடுத்து காணை நெல்லை உள்ளே கொண்டுவரச் சொன்னார்.

யுத்தம் முடிந்து சீமைப் பற்கள் ஒரு பெட்டி வந்தன. அதில் ஒன்றை அஞ்சலையம்மாள் கேட்டு வாங்கிப்போய் அடுப்பில் வைத்தார். மறுநாள் அவர் சொன்ன தீர்ப்பு: "ஜல்தியா எரிஞ்சி பூட்டுது. இதுக்கா கப்பலுக்குக் காத்துக்கினு இருந்தீங்க?"

அவர் உலக்கையில் வெட்டி மிஞ்சிய துண்டு என் மேஜையில் காகிதங்களின் மேல் இருக்கிறது. அந்த ஒரு பல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு மூடிய சீமைப் பெட்டி அப்படியே கிடக்கிறது. அதை மறுபடி திறந்தால் புதுப் பல் மாட்ட வேண்டும். உலக்கைச் சக்கரம் நின்றுவிடும், அந்தத் தெருவுக்கு நான் கொடுத்த பேச்சும் முடிந்துவிடும். நான் திறக்கப் போவதில்லை. இன்று காலை மாவு மெஷினில் முதலில் விழுந்தது அஞ்சலையம்மாள் வீட்டுக் கேப்பை.