இரட்டைக் கதவு அலமாரி

என் தங்கை நாற்பத்தாறாவது வயதில் கல்யாணம் செய்துகொண்டு பேராக் மாநிலத்துச் சித்தியவானுக்குப் போனாள். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு. எங்கள் இருவருக்கும் இனி கல்யாணம் இல்லை என்று ஊரும் நாங்களும் முடிவு செய்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அதைப் பற்றிப் பேசுவதைக்கூட விட்டிருந்தோம்.

மலாக்காவின் மெர்லிமாவில், வரிசை வீடுகள் கொண்ட தாமான் குடியிருப்பில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவிய அப்பாவும் அம்மாவும் கடைசிக் காலத்தில் வாங்கியது. இருவரும் போன பிறகு நானும் தங்கையும் மட்டும் பதினோரு வருடம் அதில் இருந்தோம். நான் ஒரு தமிழ்ப்பள்ளி ஆபீசில் கிராணி, கணக்கும் பதிவேடும் பார்க்கும் வேலை. அவள் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். விடிவதற்கு முன்பே தொழிற்சாலை பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். இருவரும் ஒரே அறையில், இரண்டு கட்டிலில் படுப்போம். அடுத்த அறை காலியாகத்தான் கிடந்தது. ஆனாலும் யாரும் அங்கே மாறவில்லை.

மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். அவருடைய இரண்டு பெண்களும் வேலைக்குப் போய்விட்டார்கள். நல்ல மனிதர். என்னைவிட மூன்று வயது பெரியவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கோயிலில் எளிமையாகத் தாலி கட்டினார். அடுத்த சனிக்கிழமை தங்கையின் சாமான்களை ஏற்ற ஒரு லோரியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை எனக்குப் பள்ளியில் வேலை இருக்கிறது என்று சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை. காவலாளியிடம் சொல்லி ஆபீசைத் திறந்து, விசிறியைப் போட்டுவிட்டு, மதியம்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். பழைய வருகைப் பதிவேடுகளை அடுக்கினேன். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

திரும்பி வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அறையின் மூலையில் அலமாரி நின்ற இடம் வெறும் சுவராக இருந்தது. சுவரின் மற்ற பகுதி மங்கிப் போயிருக்க, அங்கே மட்டும் பச்சைச் சாயம் புதிதாகத் தெரிந்தது. அந்த அலமாரி அவள் முதல் சம்பளத்தில் வாங்கியது, அதனால் அவளுடையதுதான். அதில் பாதியில் என் துணிகள் இருந்தன என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. இல்லை, அவள் யோசித்திருக்கிறாள். என் துணிகளையெல்லாம் மடித்து அவள் கட்டிலின் மேல் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஐந்து மாதம் துணிகள் அந்தக் கட்டிலிலேயே கிடந்தன. குளித்துவிட்டு வந்து அங்கிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வேன். துவைத்ததை மடித்து அங்கேயே வைப்பேன். மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடியிருந்தேன். சில நாள் விழிக்கும்போது, அரைத் தூக்கத்தில், யாரோ படுத்திருப்பது போலத் தெரியும். ஒரு நாள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டே விட்டேன். பஸ் வந்துவிடும், எழுந்திரு என்று. அன்றைக்குத்தான் போனை எடுத்து ஓர் அலமாரிக்கு ஆர்டர் கொடுத்தேன்.

வந்தது அலமாரி இல்லை, இரண்டு தட்டையான பெட்டிகள். கொண்டுவந்தவர் கேட்டின் உள்ளே சுவரோரம் சாய்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெட்டியைத் தூக்க முடியவில்லை. வாசலிலேயே கிழித்து, பலகைகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோனேன். செய்முறைத் தாளில் எழுத்து ஒன்றும் இல்லை, எல்லாம் படம்தான். முதல் படத்தில் ஓர் ஆள் தனியாகப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் மேல் பெரிய பெருக்கல் குறி. பக்கத்தில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதற்குக் குறி இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. எதிர்வீட்டு மலாய் அக்காவைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் கணவர் எல்லா வேலையும் தெரிந்தவர். கூப்பிட்டால் உடனே வருவார்கள். வந்தால், தங்கை எப்படி இருக்கிறாள், எப்போது வருவாள் என்று கேட்பார்கள். நான் தனியாகவே ஆரம்பித்தேன்.

பள்ளி விடுமுறை வாரம் அது. முதல் நாள் சட்டத்தைப் பூட்டினேன். இரண்டாம் நாள் அதைக் குப்புறப் போட்டு, தேங்காய் உடைக்கும் சுத்தியலால் முதுகு அட்டையை அடித்தேன். நிமிர்த்துவதுதான் பெரும்பாடு. ஒரு முனையைத் தூக்கி முக்காலியைக் கொடுத்தேன், பிறகு நாற்காலி, பிறகு மேசை. அப்படியே படிப்படியாகத் தூக்கிச் சுவரோரம் நிறுத்தினேன். கதவு மாட்டும்போது பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. பழைய அரிசி டின்னை அடியில் வைத்து, முழங்காலால் முட்டுக்கொடுத்து, கீல்களை மாட்டினேன்.

இரண்டு கதவையும் மூடிப் பார்த்தேன். இடது கதவு ஒரு சுண்டுவிரல் அளவு இறங்கி நின்றது. மூடும்போது கீழ் விளிம்பு உரசி முனகியது. வலது கதவு தன் பாட்டுக்கு நேராக இருந்தது.

அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். அப்போதெல்லாம் தினமும் பேசுவோம்.

"கெபினெட் மாட்டிட்டியாக்கா?"

"மாட்டிட்டேன்."

"தனியாவா? யாரயாச்சும் கூப்பிட வேண்டியதுதானலா."

"சின்ன வேலதான். நல்லா இருக்கு."

"போட்டோ அனுப்பு, பாப்போம்."

இரண்டு கதவையும் அகலத் திறந்துவைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். திறந்திருந்தால் கோணல் தெரியாது. அழகாக இருக்கிறது என்று எழுதினாள். பிறகு, மூடி வைத்து ஒன்று எடு என்று கேட்டாள். நான் பதில் போடவில்லை. எதற்காக ஒரு கதவைப் பற்றிப் பொய் சொன்னேன் என்று அன்று எனக்கே விளங்கவில்லை. அவள் இல்லாமல் என்னால் ஒன்றும் முடியவில்லை என்று அவளுக்குத் தெரியக்கூடாது. அதே நேரம் தெரிந்து, அவளே கேட்கவும் வேண்டும். இரண்டும் வேண்டியிருந்தது.

விற்ற கடைக்கு எழுதினேன். ஒரு வீடியோ அனுப்பினார்கள். முகம் தெரியாத இரண்டு கைகள் கீலில் இருந்த திருகுகளைச் சுற்ற, கதவு மந்திரம் போட்ட மாதிரி நேராகிறது. நானும் சுற்றினேன். நடுவில் மேலே இடைவெளி விரிந்தது, கீழே கதவுகள் ஒன்றோடொன்று இடித்தன. இன்னும் சுற்றினேன். மேல் கீல் கழன்று கதவு சாய்ந்து என் கால் கட்டைவிரலில் விழுந்தது. தரையிலேயே உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டேன். வலியில் அழுவதாகத்தான் முதலில் நினைத்தேன். வலி நின்ற பிறகும் அழுகை நிற்கவில்லை. சத்தம் போட்டே அழுதேன். அந்த வீட்டில் நான் அதுவரை சத்தம் போட்டு அழுததில்லை. அம்மா போனபோதுகூட தங்கை பயந்துவிடுவாள் என்று அடக்கிக்கொண்டேன்.

நகம் கறுத்துவிட்டது. ஷூ போட முடியாமல் ஒரு வாரம் செருப்போடு பள்ளிக்குப் போனேன். கதவு சுவரில் சாய்ந்தபடி நின்றது.

அடுத்த சனிக்கிழமை, நல்ல திருப்புளி வாங்கலாம் என்று மெர்லிமாவ் கடைத்தெருவுக்குப் போனேன். ஹார்ட்வேர் கடையில் ஒரு சீன அம்மா இருந்தார். என் வயதுதான் இருக்கும். எதற்கு என்று மலாயில் கேட்டார். கதவு இறங்கி நிற்கிறது, திருகைச் சுற்றினால் இன்னும் மோசமாகிறது என்று சொன்னேன். அவர் திருப்புளியை எடுக்கவில்லை. மலாயில் அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டார்.

"கதவு கிடக்கட்டும், காக். அலமாரிப் பெட்டி நேரா நிக்குதா?"

தெரியாது என்றேன். கடையில் கிடந்த ஓர் அட்டைப் பெட்டியின் ஓரத்தைக் கிழித்து, அதன் மேல் ஒரு கட்டம் போட்டு, மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்தார். இந்த இரண்டு கோடும் ஒரே நீளம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவை எத்தனை திருகினாலும் சரியாகாது என்றார். முதலில் தரையைப் பார், பிறகு பெட்டியைப் பார், கதவைக் கடைசியில் பார். ஒரு சின்ன ரசமட்டத்தையும் கையில் கொடுத்தார்.

"பிடிக்க ஆள் இருக்கா வீட்டுல?"

"இருக்கு," என்றேன்.

வீட்டுக்கு வந்து அளவு நாடாவின் நுனியை மேல் மூலையில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, கீழ் மூலைக்கு இழுத்துப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் ஒரு விரல் வித்தியாசம். ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன். குமிழி சுவர்ப் பக்கம் ஓடியது. அறையின் அந்த மூலையில், முன்பக்க இடது கால் நிற்கும் இடத்தில் தரை இறங்கியிருந்தது. இத்தனை வருடம் அந்தத் தரையில் நடந்திருக்கிறேன். ஒரு நாளும் தெரிந்ததில்லை.

அலமாரியில் வைத்திருந்த துணிகளை எல்லாம் வெளியே எடுத்தேன். வலது கதவையும் கழற்றினேன். ஆபீசிலிருந்து கொண்டுவந்த, லேமினேட் செய்த பழைய பாட அட்டவணைகள் வீட்டில் கிடந்தன. அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அந்தக் காலுக்கு அடியில் தள்ளினேன். ரசமட்டத்தை அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பார்த்தேன், ஏழு துண்டு போனதும் குமிழி நடுவுக்கு வந்தது. முதுகு அட்டையின் ஆணிகளைப் பிடுங்கி, மேல் மூலையைத் தோளால் முட்டித் தள்ளினேன். அளப்பேன், மறுபடி முட்டுவேன். கோடுகள் சமமானதும் ஆணியைத் திரும்ப அடித்தேன். அதற்குப் பிறகு கதவுகளை மாட்டி, அந்த வீடியோவின் கைகள் செய்த மாதிரி கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகினேன். இரண்டு கதவும் ஒரே கோட்டில் வந்து நின்றன. நடுவில் ஒரே அளவு இடைவெளி, மேலிருந்து கீழ்வரை.

மாலை ஐந்து மணி. சட்டையெல்லாம் வேர்வை. முதலில் செய்த காரியம் தங்கையைக் கூப்பிட்டதுதான்.

"அக்கா, இங்க சின்னவள பொண்ணு பாக்க வந்திருக்காங்க. அப்பறம் கூப்பிடறேன்."

அன்று அவள் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. எனக்கு மனத்தாங்கல் வந்திருக்க வேண்டும், ஆனால் வந்தது வேறு. 'சின்னவள்' என்று அவள் சொன்ன விதம் காதிலேயே நின்றது. அவர் பெண் என்று சொல்லவில்லை, இரண்டாவது மகள் என்றும் சொல்லவில்லை. அவள் வீட்டில் ஒரு சின்னவள் இருக்கிறாள், அவளைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள், தங்கை உள்ளே பலகாரம் எடுத்துவைத்துக்கொண்டிருப்பாள்.

துணிகளை அடுக்கினேன். இடது பக்கம் முழுவதும் எனக்கு. வலது பக்கத்தைத் தங்கைக்கு விட்டுவைத்தேன்.

வருடக் கடைசி விடுமுறையில் தங்கையும் மாப்பிள்ளையும் மூன்று நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்கள். அடுத்த அறையைக் கூட்டிக் கழுவி, மெத்தை போட்டு வைத்திருந்தேன். குளிக்கப் போனவள் துண்டு எடுக்க வந்து அலமாரியைத் திறந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

"இந்தப் பக்கம் ஏன் சும்மா கெடக்கு?"

"உன்னுதுதான். பையில இருக்கறத எடுத்து வெச்சிக்க."

அவள் கதவைத் திறந்தபடியே விட்டாள். பிறகு கட்டிலின் அந்த ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் அங்க போயி எவ்வளவு நாளாச்சு தெரியுமாக்கா, அந்த வீட்டுல தட்டு எங்க இருக்கு, கரண்டி எங்க இருக்குன்னு பழகறதுக்கு? அந்தப் பிள்ளைங்க அவங்கம்மா சேலைய எடுத்துட்டு எனக்கு எடம் குடுத்துச்சுங்க. அழுதுகிட்டே எடுத்துச்சுங்க. நீ இங்க எனக்கு எடம் வெச்சிருக்கேன்னா, நான் அங்க எப்பிடி இருப்பேன்?"

நான் சொல்ல இருந்ததெல்லாம் சின்னதாகத் தெரிந்தது.

"வெறுப்பா சொல்லலக்கா."

"தெரியும்."

"உனக்குக் கோவம்தான? லோரி வந்த அன்னிக்கு நீ பள்ளிக்கூடத்துக்குப் போனப்பவே தெரியும். அன்னிக்கு வேல இல்லன்னு காவலாளி சொன்னாரு. நான் அவருக்குப் போன் பண்ணியிருந்தேன்."

அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. இத்தனை மாதமும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கோவம்தான்," என்றேன். "ஒன் மேல இல்ல. யார் மேலன்னு தெரியல."

அவள் எழுந்து இடது பக்கத்தில் நான் திணித்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பரப்பி அடுக்கினாள். பஞ்சாபி சூட்டெல்லாம் ஒரு பக்கம், சேலை ஒரு பக்கம், பள்ளிக்குக் கட்டுவது தனி. அவள் கை வேகம் எனக்குத் தெரிந்ததுதான். நான் தடுக்கவில்லை. குளிக்கப் போகும்போது கதவை மூடினாள். நேராக இருப்பதை அவள் கவனிக்கவில்லை. கோணலாக இருந்தால்தானே கண்ணில் படும்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை எங்களை உம்பாய்க்குக் கூட்டிப்போனார். கடலோரம் சுட்ட மீன் சாப்பிட்டோம். பேச்சு ஏதோ பாம் எண்ணெய் லோரிகளைப் பற்றிப் போய்க்கொண்டிருந்தது. பேசிக்கொண்டே அவர் மீனின் முள்ளைப் பிரித்து, சதையை எடுத்துத் தங்கையின் தட்டில் வைத்தார். அவள் அவரைப் பார்க்கவும் இல்லை, போதும் என்று சொல்லவும் இல்லை. எடுத்துச் சாப்பிட்டாள். எங்கள் வீட்டில் அவளுக்கு முள் எடுத்துக் கொடுத்தது நான்தான். சின்ன வயதில் ஒரு முறை தொண்டையில் சிக்கியதிலிருந்து அவளுக்கு மீன் என்றால் பயம். அவரிடம் அதைச் சொல்லியிருக்கிறாள்.

நான் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் பொய். நிம்மதி என்று சொல்லலாம். நிம்மதியோடு சேர்ந்து, வயிற்றில் ஒரு வெறுமையும் இருந்தது, எவ்வளவு சாப்பிட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்ததும் தங்கை போன் செய்தாள். இப்போது வாரத்துக்கு ஒரு முறை பேசுகிறோம். சில வாரம் நான் கூப்பிடுகிறேன், சில வாரம் அவள். அவள் கட்டிலை எதிர்வீட்டு மலாய் அக்காவின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அறை பெரிதாகத் தெரிகிறது. பள்ளி திறந்த முதல் வாரம் முழுவதும் நான் பேசியதெல்லாம் அங்கேதான். வீட்டில் சமைக்கும்போது ரேடியோ போட்டுக்கொள்கிறேன்.

பள்ளி திறந்த அன்று காலையில் நீலப் பஞ்சாபி சூட்டைத் தேடினேன். தங்கை எங்கே அடுக்கினாள் என்று தெரியவில்லை. இடது பக்கம் பார்த்தேன், இல்லை. வலது பக்கத்தில், மேல் தட்டில், துப்பட்டாவோடு சேர்த்து மடித்து வைத்திருந்தாள். எடுத்துப் போட்டுக்கொண்டு, கதவை மூடிவிட்டு, மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தேன்.