நெட்டையின் வீச்சு

அந்த அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. தராசு என்பார்கள். கணினி விளையாட்டுக்குள் எந்தப் படை எவ்வளவு அடிக்கலாம், எவ்வளவு தாங்கலாம், எவ்வளவு தூரம் சுடலாம் என்று எடை போடுவதுதான் அவள் பிழைப்பு. வாள்காரன் ரொம்பத் துள்ளினால் தட்டி வைப்பாள். குதிரைக்காரன் நொண்டினால் தூக்கிவிடுவாள். சரியாக இருக்கும்வரை இந்த வேலையை யாரும் கவனிப்பதில்லை. பிசகினால் ஊரே சேர்ந்து திட்டும். சமையலில் உப்புப் போடுகிற உத்தியோகம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது ஊரே திட்டிக்கொண்டிருந்தது. காரணம் நெட்டை.

நெட்டை என்பது நீளக் குழாய் வைத்த ஒரு பீரங்கி. அந்த விளையாட்டில் மற்ற படைகளை வைத்து ஜெயிக்க வேண்டுமானால் ஆள் சேர்த்து, வழி பார்த்து, மூச்சுவிட நேரமில்லாமல் கையை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நெட்டை வைத்திருப்பவனுக்கு அந்தத் தலைவலி கிடையாது. கோட்டைக்குள் நாலைந்தை நிறுத்திவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்காரலாம். எதிரி ஆற்றைத் தாண்டுவதற்குள் சாம்பலாகிவிடுவான். ஆரம்பத்தில் இப்படி இல்லை. ஒவ்வொரு அப்டேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வீச்சு ஏறி, இப்போது பாதிக் களத்தை அது ஒன்றே தின்றுகொண்டிருந்தது. எல்லாரும் நெட்டையே கட்டினார்கள், எல்லாருக்கும் சலித்துவிட்டது. சலித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வேறு விளையாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இந்த அப்டேட்டுல நெட்டை அடங்கலைன்னா கடையை மூடிட வேண்டியதுதான்," என்றார் முதலாளி. மிரட்டுகிற குரல் இல்லை அது. மனிதர் உண்மையிலேயே உடைந்துபோயிருந்தார்.

மொட்டை என்று எல்லாரும் கூப்பிடுகிற புரோகிராமர் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தான். "தப்பா எடுத்துக்காத தராசு. ஒவ்வொரு தடவையும் நீதான் வீச்சைக் கூட்டச் சொன்ன. எதை வச்சு சொன்ன?"

"ஆளை ஆட வச்சுப் பாத்துதான் சொன்னேன்."

"எந்த ஆளை?"

"எங்க அண்ணனை."

சொல்லும்போது அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. முதலிலிருந்தே அப்படித்தான். அண்ணன் ஆட்டத்தில் சூரனும் இல்லை, மக்கும் இல்லை, நடுவாந்தரம். நடுவாந்தரமான ஒருவன் ஒரு ஆயுதத்தை வைத்துப் பாதி ஆட்டம் ஜெயித்துப் பாதி தோற்றால் அந்த ஆயுதம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். புள்ளிவிவரத்தைவிட அவள் அண்ணனைத்தான் நம்பினாள். அவனுக்குப் பிடித்தது நெட்டை, எதிரில் மற்ற படைகளை நிறுத்தித்தான் அவனை ஆட வைப்பாள். அவன் அடிக்கடி தோற்க ஆரம்பித்தால், மற்ற படைகளுக்கு முன்னால் நெட்டை இளைத்துவிட்டது என்று வீச்சைக் கொஞ்சம் கூட்டுவாள். மறுபடி பாதிக்குப் பாதி வந்து நிற்கும்.

"அவருக்கு உடம்பு முடியலைன்னு சொன்னியே, இப்ப எப்படி இருக்காரு?" என்றான் மொட்டை.

"அப்படியேதான் இருக்கான், ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். அவன் தோற்றதும் தான் வீச்சைக் கூட்டியதும் வரிசையாக ஞாபகம் வந்தன.

அண்ணனுக்குத் தசைகள் வலுவிழந்துகொண்டே போகும் நோய். மெதுவாகத்தான் ஏறும், சிலருக்கு நின்றும்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தனக்கு நின்றுவிட்டது என்று அண்ணன் முடிவே கட்டிவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போவதையும் விட்டுவிட்டான். "கை போயிருந்தா நான் எப்படி இன்னும் பாதிக்குப் பாதி ஜெயிப்பேன்?" என்பான். அவளும் நம்பினாள். நம்ப ஆசையாக இருந்தது, அதனால் நம்பினாள். அண்ணன் என்ற எடைக்கல் தேய்ந்துகொண்டே போக, இந்தப் புத்திசாலி சரக்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நெட்டையின் வீச்சை முதல் வருட அளவுக்கே இறக்கினாள். மொட்டை ஆடிப் பார்த்துவிட்டு, "அப்பாடா, இதுதான் ஆட்டம்," என்றான். இதை வெளியே விட்டால் கம்பெனி பிழைக்கும். அண்ணனுக்குத் தன் கை போய்க்கொண்டிருப்பது தெரிந்துவிடும். இரண்டையும் காப்பாற்றுகிற ஏதாவது ஒரு எண் இருக்காதா என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். அப்படி எண் எதுவும் இல்லை. அண்ணனுக்கு மட்டும் பெரிய நெட்டையைத் திருட்டுத்தனமாகக் கொடுத்துவிடலாமா என்றுகூடப் போயிற்று புத்தி. இத்தனை காலமும் அதைத்தானே செய்தோம் என்று நினைத்தபோது தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. யாரோ முகம் தெரியாதவனிடம் தோற்று அவன் தெரிந்துகொள்வதைவிடத் தன் கண்முன் தெரிந்துகொள்ளட்டும் என்று மாற்றிய ஆட்டத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அண்ணன் ஜன்னலோர மேஜையில் இருந்தான். "என்ன மூஞ்சி தொங்குது? முதலாளி வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரா?"

"நெட்டையை மாத்தியிருக்கேன். ஆடிப் பாரு."

முதல் ஆட்டம் சீக்கிரமே முடிந்தது. "சவலைப் பிள்ளையா ஆக்கிட்டியே இதை," என்று சிரித்தான். அடுத்ததிலும் தோற்றான். அதற்கடுத்ததில் சிரிக்கவில்லை. எதிரி ஆற்றைத் தாண்டி வந்துவிட்டான், நெட்டைகளைப் பின்னால் இழுக்க வேண்டும், அண்ணனின் விரல் பட்டனைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. இத்தனை வருடமும் அவள் திரையைத்தான் பார்த்திருக்கிறாள். இன்றைக்குத்தான் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் மடங்கியே கிடந்தது, விரல் முட்டியால் அழுத்திக்கொண்டிருந்தான்.

"இது புதுசில்லையே," என்றான் அண்ணன். "ஆத்தங்கரை வரைக்கும்தான் எட்டுது. முதல் வருஷம் இப்படித்தான இருந்துச்சு? இதை வச்சு உன்னைக் கதறக் கதற அடிச்சிருக்கேன் நான்."

"ஆமாண்ணா."

"நடுவுல எவ்வளவு கூட்டின?"

"ரெண்டு மடங்குக்கு மேல."

"எனக்காகவா?"

"இல்லண்ணா. சத்தியமா எனக்குத் தெரியாது. பீரங்கிதான் இளைச்சிடுச்சுன்னு நெனச்சேன்."

அண்ணன் வலது கையை இடது கையால் தூக்கி மேஜைமேல் வைத்து, யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

"சரியாத்தான் இருக்கு. இதையே விட்டுடச் சொல்லு," என்றான் கடைசியில். பிறகு நிமிர்ந்தான். "வீட்ல வேற என்னத்தையெல்லாம் மாத்தி வச்சிருக்க?"

அவள் கண் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குப் போயிற்று. அண்ணனும் அதைப் பார்த்தான்.

"தண்ணி பாட்டிலை நானேதான தினமும் திறக்கறேன்?"

"காலைல மூடியைத் தளர்த்தி வச்சுட்டுத்தான் வேலைக்குப் போவேன்," என்றாள்.

அண்ணன் குனிந்து, அவள் வாங்கிக் கொடுத்திருந்த சட்டையின் அமுக்குப் பட்டன்களைப் பார்த்தான். "இப்ப இதுதான் ஃபேஷன்னு சொன்னியே," என்றான்.